எண் சாண் உடம்பில் கடைசிச் சாண்

விரலில் ஒன்றரைக் கணு நீளம். ஒரு முனை கூம்பியிருக்கும், மறுமுனை தட்டை. நிறத்தை வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மணல் நிறம் என்றும் சொல்ல முடியாது. அறை அறையாகப் பிரித்த உறைக்குள் ஒவ்வொன்றும் தனியாகப் படுத்திருக்கும். அட்டைப்பெட்டியில் ‘உபாட் தெர்காவால்’, அதாவது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து, என்று மலாயில் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவெண், சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் பாதுகாப்பு முத்திரை. பினாங்கு மருந்து முகப்பில் இதைக் கையில் வாங்குகிறவர் உடனே பைக்குள் தள்ளி, மேலே ரொட்டிப் பொட்டலத்தை வைத்து மூடிவிடுவார்.

இது சப்போசிட்டரி, ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து. உள்ளே இருப்பது மெசலசீன். பெருங்குடலின் உட்சவ்வு வீங்கிப் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகிற குடற்புண் அழற்சிக்கான மருந்து. ஆங்கில வைத்தியத்தில் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’. இந்த நோய் ஏறக்குறைய எப்போதும் மலக்குடலில் ஆரம்பித்து மேல்நோக்கிப் படரும். சிலருக்குக் கடைசி ஒரு சாணோடு நின்றுவிடும், சிலருக்கு இடப்பக்கம் முழுக்க ஏறும், சிலருக்குப் பெருங்குடல் மொத்தமும். மருந்தின் வரலாறு முழுக்க அந்தக் கடைசிச் சாணுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விடை முதலிலேயே கிடைத்துவிட்டது. நமக்குத்தான் அது கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் நம் மரபில் இருந்து வந்ததாகவும் தெரியவில்லை. சித்த வைத்தியம் சொல்லும் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் ‘பீச்சு’ ஒன்று, ‘வர்த்தி’ ஒன்று. ஒன்று திரவத்தைப் பீய்ச்சுவது, மற்றது திரியாகச் செய்து வைப்பது. இன்றைய எனிமாவும் சப்போசிட்டரியும் நம் பாட்டன் பூட்டனுக்குப் புதிய சங்கதி அல்ல.

மலேசியத் தமிழர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை காட்டக் காரணம் உண்டு. பினாங்குக்குத் தெற்கே, ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் குடல் அழற்சி நோய்களைக் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று பிரிவில் இந்தியர்களிடம்தான் நோய் அதிகம், அதுவும் பல மடங்கு. சிங்கப்பூரிலும் இதே கதை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களிடமும் இதையே பார்த்தார்கள். ஏன் என்பதற்கு மரபணு, குடலில் வாழும் பாக்டீரியா, மாறிய வாழ்க்கைமுறை என்று பல விடை சொல்கிறார்கள், முடிந்த முடிவாக ஒன்றும் இல்லை. மிளகாய்தான் காரணம் என்று உறவுக்காரர்கள் சொல்வதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

மருந்தின் பிறப்பு குளிர்நாட்டில். 1930-களின் கடைசியில் ஸ்டாக்ஹோமில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் மூட்டுவாதத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். 1890-இல் பிறந்தவர், 1937-இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ஆனவர். ஸ்வீடனின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மூட்டுவாதம் கிருமியால் வருகிறது என்பது அப்போதைய நம்பிக்கை. கிருமியைக் கொல்ல ஒரு சல்ஃபா மருந்து, வலிக்கும் வீக்கத்துக்கும் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சாலிசிலேட், இரண்டையும் ஒரே மூலக்கூறாகக் கோத்தால் என்ன என்று கேட்டார். ஃபார்மசியா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கோத்துக் கொடுத்தார்கள். சல்ஃபாசலசீன் பிறந்தது, ‘சலசோபைரின்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. மூட்டுக்காகச் செய்த மருந்து குடற்புண்காரர்களுக்கு நன்றாகக் கேட்டது. 1942-இல் ஸ்வார்ட்ஸ் அதை எழுதி வெளியிட்டார்.

அடுத்த முப்பது ஆண்டுகள் உலகம் அந்த மஞ்சள் மாத்திரையை விழுங்கியது. எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கவிளைவு மட்டும் நன்றாகத் தெரியும்: தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு, ஆண்களுக்கு விந்தணுக் குறைவு, மஞ்சளாகப் போகும் சிறுநீர். மலேசியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பிறக்கிற குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ‘ஜி6பிடி’ என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், ஏனென்றால் அது இங்கே பரவலாக இருக்கிறது. அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சல்ஃபா மருந்துகள் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும்.

1972-இல் அமெரிக்காவில் பெப்பர்கார்ன், கோல்ட்மேன் என்ற இருவர் குடலுக்குள் நடப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பாதியையும் இணைத்திருக்கும் கண்ணியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் வெட்டிவிடுகின்றன. வெட்டினால் ஒரு பக்கம் சல்ஃபாபிரிடின், மறுபக்கம் 5-அமினோசாலிசிலிக் அமிலம். சரி, இரண்டில் எது மருந்து, எது வெறும் சுமை?

இந்த இடத்தில்தான் ஆசனவாய் மருத்துவ வரலாற்றுக்குள் நுழைகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்ற மருத்துவர் குடற்புண் நோயில் பெயர் பெற்றவர். 1955-இல் லெஸ்லி விட்ஸுடன் சேர்ந்து இந்த நோய்க்குக் கார்டிசோன் கேட்கும் என்று முறையான ஆய்வில் நிரூபித்தவர். அதே பத்தாண்டிலேயே ஸ்டீராய்டை மலக்குடல் வழியாகச் செலுத்தியும் பார்த்தவர். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தார் ஆசாத் கான், வங்காளதேசத்துக்காரர். பின்னாளில் தன் நாட்டின் நீரிழிவுச் சங்கத்துக்குத் தலைவர் ஆனவர். கேள்விக்கு விடை காண அவர் எடுத்த வழி எளிமையானது. இரண்டு பாதிகளையும் தனித்தனியாக வாய்வழியே கொடுத்தால் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், எது எங்கே போனது என்று தெரியாது. ஆகவே முழு மருந்து, இரண்டு பாதிகள் ஆகிய மூன்றையும் தனித்தனி எனிமாவாகக் கரைத்து நேராகப் புண் மேலேயே கொண்டுபோய் வைத்தார். 62 நோயாளிகள். சிலருக்கு முழு சல்ஃபாசலசீன், சிலருக்குச் சல்ஃபா பாதி மட்டும், சிலருக்கு 5-அமினோசாலிசிலிக் அமிலம் மட்டும். திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது முழு மருந்தும் அமிலப் பாதியும் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குக் குணம் காட்டின. சல்ஃபா பாதி 5 சதவீதம் பேருக்குத்தான். 1977 அக்டோபரில் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது.

அந்த அமிலப் பாதிதான் மெசலசீன். முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சல்ஃபா வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு அதன் பக்கவிளைவுகளை ஜனங்கள் அனுபவித்தார்கள். உண்மையில் அது அமிலத்தைப் பெருங்குடல் வரை சுமந்து போன கூலியாள். இதை வாய்வழி ஆராய்ச்சி சொல்லவில்லை. பின்வழியாகக் கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சப்போசிட்டரி என்றதும் ‘மாத்திரை கேட்காதவர்களுக்குக் கொடுக்கிற மட்டமான வழி’ என்று முகம் சுளிக்கிறவர்களிடம் இந்த வரிசையை ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டும். மெசலசீனைப் பொறுத்தவரை மாத்திரைதான் பின்னால் வந்த ஏற்பாடு.

1980-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உல்ரிச் குளோட்ஸ் குழுவினர் இதைச் சப்போசிட்டரியாகச் செய்து பலன் கண்டார்கள். 1981-இல் இத்தாலியின் பொலோன்யாவில் கம்பியேரி குழுவினர் 4 கிராம் எனிமாவாகக் கொடுத்து, ஸ்டீராய்டு எனிமாவைவிட மேலானது என்றார்கள். அதன் பிறகு நிறுவனங்கள் களத்தில் இறங்கின. ஃப்ரைபுர்க் நகரின் டாக்டர் ஃபால்க் நிறுவனத்தின் ‘சாலோஃபால்க்’, ஃபெர்ரிங் நிறுவனத்தின் ‘பென்டாசா’ என்று பெயர்கள் வந்தன. வெறும் மெசலசீனை விழுங்கினால் சிறுகுடலின் மேற்பகுதியே உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்க மாத்திரைக்கு மேல் காரத்தன்மை கூடிய இடத்தில் மட்டும் கரையும் பூச்சு, மெதுவாகக் கசியும் குறுணை என்று பெரிய பொறியியலே நடந்தது. சப்போசிட்டரிக்கு இந்த வித்தை எதுவும் தேவைப்படவில்லை. வைத்த இடமே வேலை செய்யும் இடம்.

இனி சப்போசிட்டரியில் மருந்தைத் தாங்கி நிற்கும் கொழுப்பைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் பினாங்கு கதைக்குள் வருகிறது.

முன்பு சப்போசிட்டரிக்குக் கொக்கோ வெண்ணெய்தான் அடிப்படை. உடல் சூட்டில் உருகும், நல்ல குணம். ஆனால் தயாரிக்கும்போது அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வேறு படிக வடிவில் உறைந்துவிடும்; அதன் பிறகு அறைச் சூட்டிலேயே இளகும். லண்டன் மருந்தாளுநருக்கு அது தொல்லை, பினாங்கு மருந்தாளுநருக்கு முழு நஷ்டம். இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து செய்த கெட்டிக் கொழுப்பு. தேங்காய் எண்ணெயும் செம்பனைக் கொட்டை எண்ணெயும்தான் மூலம். அதைப் பிரித்து, இறுக்கி, 34, 35 டிகிரி வாக்கில் உருகும்படி பக்குவப்படுத்துகிறார்கள். இந்தக் கொழுப்புகளில் மருந்துத் துறையில் பெயர்போனது ‘விட்டெப்சோல்’, ஜெர்மனியின் விட்டன் நகரத்துச் சரக்கு. 2016-இல் அந்தத் தொழிலை வாங்கியது மலேசியாவின் ஐஓஐ குழுமம். அதே குழுமத்தின் எண்ணெய்வேதி ஆலை ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? பிறையில். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனிலிருந்து படகேறிக் கடலைத் தாண்டினால் பட்டர்வொர்த், அங்கிருந்து கூப்பிடு தூரம்.

எந்தப் பெட்டிக்குள் எந்த ஆலையின் கொழுப்பு இருக்கிறது என்று நுகர்வோருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் வழி ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் பிறகு செம்பனை நட்டார்கள். குலை அறுத்தார்கள், உதிரி பொறுக்கினார்கள். அந்தக் கொட்டை எண்ணெய் கப்பலேறி ஐரோப்பா போய், மருந்துக்கு மெத்தையாகித் திரும்பி வந்து, அதே தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு சௌகரியமும் இதில் உண்டு. தாவரக் கொழுப்பு என்பதால், உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்குமோ என்று பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் கேட்கிற கேள்விக்கு மருந்தாளுநரால் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. எல்லாச் சப்போசிட்டரியும் கொழுப்பால் ஆனதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பென்டாசா வகை அழுத்திச் செய்த உலர்ந்த மாத்திரை போன்றது. நீரை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

குளிர்நாட்டில் 25 டிகிரியில் கெடாமல் இருக்கிறதா என்று சோதித்தால் போதும். ஆசியான் நாடுகள் தங்கள் வட்டாரத்துக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன: 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம். இங்கே பதிவு கேட்கிற மருந்து பொதுவாக இந்த நிலையில் கெடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எந்த ஆய்வுக்கூடமும் கொம்தார் கட்டடத்தின் அருகே மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திய காரைச் சோதித்ததில்லை. மருந்து வாங்கிய கையோடு நாசி கண்டார் சாப்பிட ஒதுங்குகிறவர், பெட்டியை டாஷ்போர்டில் விட்டுப் போனால், 35 டிகிரியில் உருகவே செய்யப்பட்ட பொருள் தன் வேலையை அங்கேயே முடித்துக்கொள்ளும். திரும்ப உறைய வைத்தாலும் பயன் இல்லை. உருகிய கொழுப்பில் மருந்துத் துகள் ஒரு பக்கம் தங்கிவிடும், வடிவமும் போய்விடும். சற்று இளகியிருந்தால் மட்டும், உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் பிடித்தால் இறுகிவிடும். பெட்டியில் அச்சிட்ட வெப்ப அளவு சிலவற்றில் 25, சிலவற்றில் 30. அதைப் படித்துவிட்டு எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

மருந்து முகப்பில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்.

“இது சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா தங்கச்சி?”

“இத முழுங்கக் கூடாது அங்கள். பின்வழியா உள்ள வைக்கணும்.”

அங்கள் வரிசையைத் திரும்பிப் பார்ப்பார். குரல் இறங்கும். “மாத்திரையா குடுக்க முடியாதா லா?”

“மாத்திரையும் டாக்டர் குடுத்திருக்காங்க. ஆனா உங்க புண்ணு கடைசி எடத்துல இருக்கு. மேல இருந்து வர்ற மருந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள கொறைஞ்சிடும். இது நேரா அங்கயே உக்காரும்.”

மருத்துவ உலகின் கருத்தும் அந்தத் தங்கச்சியின் பக்கம்தான். நோய் மலக்குடலோடு நிற்கிறது என்றால் முதலில் கொடுக்க வேண்டியது 1 கிராம் மெசலசீன் சப்போசிட்டரி என்று பிரிட்டிஷ் வழிகாட்டி நெறிகளும் ஐரோப்பிய நெறிகளும் சொல்கின்றன. இடப்பக்கம் ஏறியிருந்தால் எனிமாவும் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல். ஆனால் முகப்பில் கிடைக்கிற சில நிமிடத்தில், பின்னால் வரிசை நிற்க, எப்படிப் படுப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்றெல்லாம் எவரும் கேட்பதில்லை, எவரும் செய்து காட்டவும் முடியாது. ஸ்டாக்ஹோமிலிருந்து இவ்வளவு தூரம் வந்த மருந்து வழி தவறுவது இங்கே, வீட்டுக் கதவைத் தாண்டிய பிறகு. தாளோடு உள்ளே வைக்கிறவர்கள் உண்டு, விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் அதிகம், அலமாரியில் வைத்துவிட்டு மாத்திரையை மட்டும் போடுகிறவர்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவர் ‘மருந்து கேட்கவில்லை’ என்று எழுதி ஸ்டீராய்டுக்குப் போவார். கேட்காதது மருந்து இல்லை.

ஆகவே கூச்சமில்லாமல் விலாவாரியாகச் சொல்லிவிடலாம். படுக்கப் போகும் நேரம் நல்ல நேரம். முதலில் கழிவறைக்குப் போய் வயிற்றைக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மலத்தில் போய்ச் சொருகிக்கொள்ளும், சவ்வைத் தொடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உறையை முழுக்கப் பிரிக்க வேண்டும். கூம்பிய முனை முன்னால் போக, விரலால் உள்ளே தள்ள வேண்டும். வாசலிலேயே விட்டால் வெளியே வந்துவிடும்; சுருக்குத் தசையைத் தாண்டியதும் உடம்பே அதை உள்ளே இழுத்துக்கொள்வது தெரியும். உலர்ந்த வகையாக இருந்தால் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கும். முதல் பத்து நிமிடத்துக்குள் முழுதாக வெளியே வந்துவிட்டால் இன்னொன்று வைக்கலாம் என்கிறது பென்டாசா குறிப்புத்தாள். கூடிய மட்டும் இரவு முழுக்க உள்ளே இருப்பது நல்லது, குறைந்தது ஓரிரண்டு மணி நேரமாவது.

எனிமா கொஞ்சம் நாடகம்தான். நாடகம் என்பதால்தான் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் குப்பியில் 60 அல்லது 100 மில்லி கலங்கல் திரவம். அடியில் மருந்து தங்கியிருக்கும், அதனால் நன்றாகக் குலுக்க வேண்டும். படுக்கையில் பழைய துண்டை விரித்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும்; கீழ்க்கால் நீட்டியபடி, மேல்கால் முட்டி மடங்கி வயிற்றுப் பக்கம். இடப்பக்கம் ஏன் என்றால், பெருங்குடலின் கடைசிப் பகுதியும் அதற்கு மேலே இறங்கி வரும் குழாயும் இடப்புறத்தில்தான் இருக்கின்றன. திரவம் தன் எடையாலேயே அந்தப் பக்கம் ஓடும். குழாய் முனையைத் தொப்புளை நோக்கிச் சாய்த்து மெல்ல நுழைக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும். அழுத்துவதும் மெதுவாகத்தான். அவசரப்பட்டுப் பிழிந்தால் குடல் திடுக்கிட்டு அப்படியே வெளியே தள்ளிவிடும். அழுத்திய கையைத் தளர்த்தாமலேயே குப்பியை உருவ வேண்டும், இல்லையென்றால் உள்ளே போனது திரும்பக் குப்பிக்குள் உறிஞ்சப்படும். பிறகு அரை மணி நேரம் அதே பக்கம் படுத்திருந்தால் மருந்து மண்ணீரல் பக்கத்து வளைவு வரை ஏறும். சப்போசிட்டரிக்கு அந்த எட்டு கிடையாது, அது மலக்குடலோடு சரி. நுரையாகச் செலுத்தும் வகையின் எட்டு இரண்டுக்கும் இடையில். ஆகவே பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எனிமா கேட்டது என்று தானும் அதைக் கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை. புண் எதுவரை ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம். மெசலசீன் காற்றும் வெளிச்சமும் பட்டால் நிறம் மாறும். வெண்மையாக இருந்தது பழுப்பேறும். அதனால்தான் அலுமினிய உறை. உறையைப் பிரித்து வரிசையாக அடுக்கி வைக்கிற பழக்கம் கூடாது. லேசாக நிறம் மாறியிருந்தால் பரவாயில்லை, கரும்பழுப்பு ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சிந்தினால் கறை பிடிக்கும், கைலியில் மட்டுமல்ல, பளிங்கிலும் வர்ணத்திலும் பிடிக்கும். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பூவேலை செய்த தரை ஓடுகளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் துண்டை இரண்டு மடிப்பாக விரிப்பது நல்லது. நிறம் மாறாதிருக்கச் சில எனிமாக்களில் சல்ஃபைட் உப்பு சேர்க்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, மூச்சு முட்டும். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயங்களில் அது ஒன்று. ஆஸ்பிரின் ஒவ்வாமை இன்னொன்று, மெசலசீனும் ஆஸ்பிரினும் ஒரே குடும்பம்.

நோன்பு மாதத்தில் வேறொரு கேள்வி எழும். மலேசியாவில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின்படி, பகலில் ஆசனவாய் வழியாக மருந்து வைத்தால் நோன்பு முறியும். இந்த மருந்தின் நேரமே இரவு என்பதால் நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மருந்தை விடவேண்டிய அவசியம் வருவதில்லை.

இதெல்லாம் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு. நம்மவர்களிடம் ரத்தம் போனால் உடனே வருகிற பெயர் ‘மூலம்’. கடையில் மூலத்துக்கான சப்போசிட்டரி சீட்டில்லாமலே கிடைக்கும், உருவம் ஏறக்குறைய இதேதான். ஆறு மாதம் அதை வைத்துக்கொண்டு, கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் சாப்பிட்டு, கடைசியில் ரத்தசோகையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தப்போக்குக்கு மூலம் காரணமாக இருக்கலாம். அமீபா சீதபேதியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். மலப் பரிசோதனையும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் இல்லாமல் மெசலசீனைத் தொடக்கூடாது. நண்பரின் மிச்சத்தை வாங்கி வைத்துப் பார்ப்பது இன்னும் மோசம்.

மருந்தே முரண்டு பிடிக்கும் சந்தர்ப்பமும் உண்டு. சிலருக்கு ஆரம்பித்த சில நாளிலேயே வயிற்றுவலி, காய்ச்சல், தலைவலி, முன்னைவிட அதிகமாக ரத்தபேதி. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் கூடுதலாக மருந்து வைப்பார்கள். உண்மையில் அது மெசலசீன் ஒத்துக்கொள்ளாததன் அடையாளமாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி வந்தாலும் அப்படியே. அபூர்வமாக இதயத்தைச் சுற்றிய உறையில் அழற்சி வரும்.

எப்போது இந்த மருந்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்குக் கோடு போட்டவரும் ட்ரூலவ்தான். எனிமாவால் மெசலசீனை அடையாளம் காட்டிய ஆய்வில் பங்கெடுத்த அதே மனிதர், 1955-இல் விட்ஸுடன் வகுத்த அளவுகள் இன்றும் ஆஸ்பத்திரிகளில் புழங்குகின்றன. நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே 37.8 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்பு, இறங்கிய ஹீமோகுளோபின், இவற்றில் ஏதாவது. அப்படியானால் அது கடுமையான தாக்குதல். சப்போசிட்டரியின் எல்லை அங்கே முடிகிறது. காலை வரை பொறுப்போம் என்று இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நோய் அடக்கமாக இருப்பவர்களிடம் இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்று உண்டு. இரண்டு, மூன்று வாரத்தில் ரத்தம் நிற்கும். நின்றதும் மருந்தும் நிற்கும். இந்த நோய் போய்விடுகிற நோய் அல்ல, அடங்கியிருக்கிற நோய். சவ்வு முழுக்க ஆறும் முன் நிறுத்தினால் திரும்பக் கிளம்பும். அடங்கிய பிறகும் சிலருக்குத் தினமும், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடரச் சொல்வார்கள். எவ்வளவு காலம் என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுகிறவர்களுக்குத் தொடர் மருந்தை வீட்டுக்கு அருகிலிருக்கும் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும், தபாலில் வரவழைக்கும் ஏற்பாடும் சுகாதார அமைச்சு செய்து வைத்திருக்கிறது. தபாலில் கேட்கிறவர்கள், பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் படும் தபால்பெட்டியும் டாஷ்போர்டும் ஒன்றுதான்.

இரவில் உள்ளே போன மெசலசீனின் பெரும்பகுதி சவ்வின் மேலேயே வேலை பார்த்துவிட்டுக் காலையில் மலத்தோடு வெளியேறும். ஒரு சிறு பங்கு மட்டும் ரத்தத்தில் ஏறி, அசிட்டைல் வடிவமாக மாறி, சிறுநீரகம் வழியாகப் போகும். அந்தச் சிறு பங்குக்காகத்தான் மருந்து ஆரம்பிக்கும் முன்பும், பிறகு அவ்வப்போதும் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அபூர்வமாக அங்கே அழற்சி வரலாம். வலிக்காது, சிறுநீரும் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், எண்ணில் மட்டும்தான் தெரியும். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கப் போகிற நாளில், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் காலாவதியானதோ, உருகி உருக்குலைந்ததோ இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்து முகப்பில் பழைய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.